அகதிகள் கொண்டுவந்த கிண்ணமும் அரசு அனுப்பிய தட்டும்

அமெரிக்காவில் வியட்நாமியர் நடத்தும் சாப்பாட்டுக் கடைகளின் பெயர்ப்பலகைகளில் அடிக்கடி ஓர் எண்ணைப் பார்க்கலாம். ‘ஃபோ 54’, ‘ஃபோ 75’ என்று எழுதியிருக்கும். புதிதாக வருகிறவர் அதைக் கதவிலக்கம் என்றே நினைப்பார். சில கடைகளில் அது பழைய முகவரியாகவோ ராசியான எண்ணாகவோ இருப்பதுண்டு. ஆனால் 54, 75 ஆகிய இரண்டும் ஆண்டுகள். 1954இல் வியட்நாம் இரண்டாகப் பிரிந்தது. 1975இல் சைகோன் வீழ்ந்தது. ஒரு தலைமுறை தன் வீட்டுக் கதவை எப்போது சாத்திவிட்டுக் கிளம்பியது என்பது கடைவாசலிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

உள்ளே போய் உட்கார்ந்தால் உணவுப் பட்டியல் வரும். முன்பக்கத்தில் வியட்நாமின் ஃபோ, சில பக்கம் தள்ளித் தாய்லாந்தின் பாட் தாய். இரு நாட்டுச் சமையலும் ஒரே கூரையின் கீழ் விற்கும் இப்படிப்பட்ட எளிய உணவகங்கள் லாஸ் ஏஞ்சலஸில் உண்டு, சிட்னியில் உண்டு, பாரிசின் 13ஆம் வட்டாரத்திலும் உண்டு. சாப்பிடுகிறவருக்கு இரண்டுமே காலங்காலமாக இருந்துவரும் பண்டங்கள் என்று தோன்றும். உண்மையில் ஃபோவுக்கு வயது நூற்றுச் சொச்சம். பாட் தாய் அதனினும் இளையது. ஒன்றை அகதிகள் தூக்கிவந்தார்கள். மற்றதை ஓர் அரசு ஊர்முழுக்கப் பரப்பியது, பின்னால் வந்த அரசுகள் உலகுக்கு அனுப்பிவைத்தன.

ஃபோ பிறந்தது வட வியட்நாமின் செவ்வாற்றுப் படுகையில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலோ 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ. அதற்கு முன் அங்கே மாடு உழவுக்குத்தான். மாட்டிறைச்சி கேட்டவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். அவர்களுக்குக் கறி போனபின் எலும்பு மிஞ்சியது. அந்த எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவிட்டு, தீயில் சுட்ட இஞ்சியும் வெங்காயமும் அன்னாசிப்பூவும் பட்டையும் சேர்த்து, அரிசி நூடுல்ஸ் மேல் ஊற்றினார்கள். பெயரைப் பற்றி இரண்டு கட்சி. பிரெஞ்சுக்காரரின் ‘போ-தோ-ஃபெ’ என்னும் மாட்டிறைச்சி ரசத்தின் கடைசி அசைதான் ஃபோ ஆயிற்று என்பார் ஒரு சாரார். சீன வியாபாரிகள் மாட்டிறைச்சி நூடுல்ஸைக் கூவி விற்ற சொல்லிலிருந்து வந்தது என்பார் மறு சாரார்.

நாம் தின் மாகாணத்து வான் கூ கிராமத்தார் இதையே தொழிலாகக் கொண்டு ஹனோய்க்குப் போனார்கள். கடை கிடையாது. நம் ஊர்க் காவடித் தண்டு போல ஒரு மூங்கில் தோளில் இருக்கும். ஒரு முனையில் அடுப்பும் கொதிக்கும் பானையும், மறுமுனையில் நூடுல்ஸும் இறைச்சியும் கிண்ணங்களும். விடியலிலும் இரவிலும் தெருத்தெருவாக நடந்தார்கள். 1939 வாக்கில் திங்களும் வெள்ளியும் மாட்டிறைச்சி விற்பனை இல்லாமல் போகவே, கோழி ஃபோ வந்தது. எழுத்தாளர் தாக் லாம் 1943இல் வெளிவந்த ஹனோய் பற்றிய தம் நூலில் ஃபோவுக்கு இடம் கொடுத்தார். அதற்குள் அது தலைநகரின் அடையாளமாகியிருந்தது.

1954 ஜெனீவா உடன்படிக்கை நாட்டை 17ஆம் அட்சரேகையில் வெட்டியது. வடக்கிலிருந்து எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தெற்கே போனார்கள். ஃபோவும் கூடவே போயிற்று. தெற்கு வெயிலும் வளமும் உள்ள பூமி. சைகோனில் சாறு சற்று இனித்தது. பக்கத்தில் ஒரு தட்டு நிறைய முளைகட்டிய பயறு, எலுமிச்சை, மிளகாய், நம் திருநீற்றுப்பச்சிலையின் இனத்தைச் சேர்ந்த மணக்கும் தழை எல்லாம் வந்து உட்கார்ந்தன. இன்று வெளிநாட்டு உணவகங்களில் கிடைப்பது பெரும்பாலும் இந்தத் தெற்கத்தி ஃபோதான். ஹனோய்க்காரர் இன்றும் தெளிந்த சாறும் வெங்காயத்தாளும் போதும் என்பார்.

வடக்கில் வறுமை. உணவு பங்கீட்டில் கிடைத்த அந்த ஆண்டுகளில் அரசுக் கடைகளின் ஃபோவில் இறைச்சி இல்லை. வானில் சுற்றிய அமெரிக்க ஆளில்லா வேவு விமானங்களைப் பார்த்திருந்த மக்கள் அதற்கு ‘விமானி இல்லாத ஃபோ’ என்று பெயர் வைத்தார்கள். தெற்கில், சைகோனின் ‘ஃபோ பின்’ கடையில் அமெரிக்கச் சிப்பாய்கள் கீழ்த்தளத்தில் சாப்பிட்டுக்கொண்டிருக்க, மாடியில் அவர்களை எதிர்த்துப் போரிட்ட கம்யூனிஸ்ட் வியட்காங் படையின் ரகசியத் தலைமையிடம் இயங்கியது. 1968இல் வியட்நாமியப் புத்தாண்டான டெட் பண்டிகையின்போது நடந்த தாக்குதலில் சைகோனைத் தாக்கும் ஆணை அந்த மாடியிலிருந்துதான் போனது. கடை இன்றும் லீ சின் தாங் தெருவில் இருக்கிறது.

1975 ஏப்ரல் 30: சைகோன் வீழ்ந்த நாள். அதன் பின் கலிபோர்னியாவின் பெண்டில்டன் ராணுவ முகாம் வழியாக மட்டும் ஏறக்குறைய 50,000 அகதிகள் வந்தார்கள். வாடகை குறைவாக இருந்த வெஸ்ட்மின்ஸ்டர், கார்டன் குரோவ் ஊர்களில் குடியேறினார்கள். போல்சா அவென்யூவில் மளிகைக்கடை, மருந்துக்கடை, ஃபோ கடை என்று வரிசை எழுந்தது. 1988இல் மாநில ஆளுநரே ‘லிட்டில் சைகோன்’ என்று அப்பகுதியை அறிவித்தார். 1982இல் கார்டன் குரோவில் தொடங்கிய ‘ஃபோ 79’ கடைக்கு 2019இல் ஜேம்ஸ் பியர்ட் அறக்கட்டளையின் ‘அமெரிக்காஸ் கிளாசிக்ஸ்’ விருது கிடைத்தது. அகதிகள் திறந்த நூடுல்ஸ் கடைக்கு அமெரிக்காவின் பெரிய உணவு விருது.

மேசைமேல் பச்சை மூடி போட்ட சிவப்புக் குப்பி ஒன்று நிற்கும். அந்தக் குப்பியில் இரண்டு நாடும் இருக்கின்றன. ஸ்ரீராச்சா என்பது தாய்லாந்தின் சோன்புரி மாகாணத்துக் கடலோர ஊர். அந்த ஊரின் பெயரால் வழங்கிய மிளகாய்ச் சாந்தை அமெரிக்காவில் பிரபலமாக்கியவர் டேவிட் டிரான், வியட்நாமிலிருந்து ஓடிவந்த சீன வம்சாவளியினர். 3,300க்கும் மேற்பட்ட அகதிகளுடன் 1978 டிசம்பரில் ஹாங்காங்கை அடைந்த ‘ஹுவே ஃபோங்’ என்னும் சரக்குக் கப்பலில் அவர் வந்தார். 1980இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய தம் நிறுவனத்துக்கு அந்தக் கப்பலின் பெயரையே வைத்தார். குப்பியில் உள்ள சேவல் அவர் பிறந்த சேவல் ஆண்டைக் குறிக்கிறது.

தாய்லாந்தின் கதை வேறு. அங்கே நாட்டின் பெயரே 1939 வரை சயாம். பெயரை மாற்றியவர் பிரதமர் பிபுன் சோங்கிராம். உடை, மொழி, வணக்கம், தொப்பி என்று எல்லாவற்றையும் ஆணைகளால் வார்க்க நினைத்த ராணுவத் தலைவர். 1941இல் ஜப்பானியப் படை நுழைந்தது. 1942இல் பேங்காக்கை வெள்ளம் சூழ்ந்தது. அரிசி கையைக் கடித்தது. நூடுல்ஸ் செய்தால் அரிசி மிச்சமாகும், உடைந்த அரிசியும் உதவும். மக்களை நூடுல்ஸ் சாப்பிடச் சொல்லி அரசு இயக்கம் நடத்தியது. தெருவில் விற்பனை செய்யவும் ஊக்கம் கொடுத்தது. பாட் தாய் ஊன்றிய காலம் இதுவே. ‘பாட்’ என்றால் வறுத்துக் கிளறுவது. பெயரில் ‘தாய்’ இருந்தாலும், இரும்புச் சட்டியில் நூடுல்ஸைக் கிளறுவது சீனக் குடியேறிகளின் கைப்பழக்கம். அதில் புளியும் மீன்சாறும் வெல்லமும் சேர்ந்தபோது அது தாய்லாந்தினுடையதாயிற்று. வேர்க்கடலைப் பொடி, எலுமிச்சை, பச்சை வாழைப்பூத் துண்டு பக்கத்தில் வைப்பார்கள்.

வெளிநாட்டில் தாய்ச் சமையலுக்கு முதல் தடை சாமான். எலுமிச்சைப்புல் எங்கே, பேரரத்தை எங்கே? 1971இல் கிழக்கு ஹாலிவுட்டில் பிரமோர்ட் திலகமோன்குல் திறந்த ‘பேங்காக் மார்க்கெட்’ அந்தக் குறையைத் தீர்த்தது. அமெரிக்காவின் முதல் தாய் மளிகைக்கடை என்று சொல்லப்படுவது அது. கடையைச் சுற்றி உணவகங்கள் வளர்ந்தன. 1999இல் அந்த வட்டாரம் ‘தாய் டவுன்’ ஆனது. பின்னர் அரசே முழுமூச்சாக இறங்கியது. 2002இல் தாய்லாந்து ‘குளோபல் தாய்’ திட்டத்தைத் தொடங்கியபோது உலகில் சுமார் 5,500 தாய் உணவகங்கள் இருந்தன. அதை 8,000 ஆக்குவது இலக்கு. நல்ல கடைகளுக்கு ‘தாய் செலக்ட்’ முத்திரையும் கொடுத்தார்கள்.

இவ்வளவு வேறான வழிகளில் வந்த இரண்டும் ஒரே அடுப்பங்கரையில் இணைய முடிந்ததற்குக் காரணம் நெத்திலி. உப்பில் மாதக்கணக்கில் ஊறவைத்து வடித்த மீன்சாறு வியட்நாமில் ‘நுவோக் மாம்’, தாய்லாந்தில் ‘நாம் பிளா’. ஒரே மளிகைக்கடைச் சாமானில் இரு சமையலும் நடக்கும். அகதிக் குடும்பம் ஒன்று கடை வைத்தால், பெயர்பெற்ற பாட் தாயையும் பட்டியலில் சேர்ப்பது பிழைப்புக்கு நல்லது.

இந்தப் பட்டியலில் நம்முடைய வரியும் ஒன்று உண்டு. பல கடைகளில் ‘கா ரி கா’ இருக்கும். தேங்காய்ப்பாலும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் போட்ட கோழிக்கறி, தொட்டுக்கொள்ள பிரெஞ்சு ரொட்டி. ‘கா ரி’ என்பது கறிதான். பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரி, காரைக்கால் தமிழர்கள் அரசு ஊழியராகவும் காவலராகவும் சைகோன் போனார்கள். வட்டித்தொழிலுக்கு நகரத்தார் போனார்கள். சைகோனில் தமிழர் எழுப்பிய மாரியம்மன் கோயிலில் இன்று வியட்நாமியர் ஊதுபத்தி ஏற்றுகிறார்கள். போர்க்காலங்களில் புதுச்சேரிக்குத் திரும்பிய குடும்பங்கள் வியட்நாமிய மருமகள்களையும், அரிசித் தாளில் சுருட்டிப் பொரிக்கும் ‘சா யோ’வையும் கூட்டிவந்தன.

ஃபோவின் கதையை ஹனோயில் எழுத்தாளர்கள் எழுதிவைத்தார்கள். லிட்டில் சைகோன் பெயர்ப்பலகையில் எழுதிவைத்தது. நாம் தின், ஹனோய் ஃபோக்களை 2024இல் வியட்நாம் தன் தேசியப் பண்பாட்டு மரபாகப் பதிவுசெய்தது. புதுச்சேரி வீடுகளின் சைகோன் சமையல் இன்னும் பெரும்பாலும் பாட்டிகளின் கைப்பக்குவமாகவே இருக்கிறது. அந்த வீடுகளோடு உறவோ பழக்கமோ உள்ளவர்கள் இப்போதே பக்கத்தில் உட்கார்ந்து, எந்த ஆண்டு எந்தக் கப்பலில் வந்தார்கள், என்ன சமைத்தார்கள் என்று கேட்டு எழுதிவைக்க வேண்டும்.