ஒரே பிட்ச், ஒருவருக்கு 19, ஒருவருக்கு 1

சுழற்பந்தின் கதை – 11

1956 ஜூலை 26. எகிப்து அதிபர் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமை ஆக்கிய அதே நாளில், மான்செஸ்டரின் ஓல்ட் டிராஃபோர்டு மைதானத்தில் ஆஷஸ் தொடரின் நான்காவது டெஸ்ட் தொடங்கியது. மைதானப் பராமரிப்பாளர் பெர்ட் ஃபிளாக்குக்கு நாசர் ஒரு வகையில் உதவியே செய்தார். சூயஸ் விவகாரம் மட்டும் இல்லாவிட்டால், இங்கிலாந்துப் பத்திரிகைகளின் முதல் பக்கத்தில் ஃபிளாக் போட்ட பிட்ச்தான் சந்தி சிரித்திருக்கும்.

தொடர் அப்போது 1-1 என்று நின்றது. லார்ட்ஸில் ஆஸ்திரேலியா வென்றிருந்தது. லீட்ஸில் இங்கிலாந்து இன்னிங்ஸ் வெற்றி பெற்றது. அந்த லீட்ஸ் ஆட்டத்தில் ஆஃப் ஸ்பின்னர் ஜிம் லேக்கருக்கு 11 விக்கெட், இடக்கை சுழலர் டோனி லாக்குக்கு 7. இருவரும் சர்ரே அணிக்காரர்கள். வாரம் தவறாமல் ஜோடியாகப் பந்து வீசுகிறவர்கள். மான்செஸ்டர் ஆட்டத்துக்கு முன்பு, தேர்வுக் குழுத் தலைவர் கப்பி ஆலன் புல்லை இன்னும் ஒட்ட வெட்டச் சொன்னார் என்ற விஷயம் பிற்பாடு வெளியே வந்தது.

டாஸ் வென்ற இங்கிலாந்து 459 ரன் குவித்தது. தொடக்க ஆட்டக்காரர் பீட்டர் ரிச்சர்ட்சன் 104, பாதிரியார் டேவிட் ஷெப்பர்ட் 113. இரண்டாம் நாள் மதியம் ஆஸ்திரேலியா ஆட வந்தபோது பிட்ச் காய்ந்து தூசி பறந்தது. விக்கெட் இழப்பின்றி 48 ரன் வரை வண்டி ஓடியது. பிறகு லேக்கரை ஸ்ட்ரெட்ஃபோர்டு முனைக்கு மாற்றினார் கேப்டன் பீட்டர் மே. மெக்டொனால்டு கேட்ச் கொடுத்தார். அடுத்து வந்த நீல் ஹார்வி, அந்த அணியின் மிகச் சிறந்த மட்டையாளர், ரன் எடுக்காமலே போல்டு. 2 விக்கெட்டுக்கு 62 என்றிருந்த ஸ்கோர், 84க்கு ஆல் அவுட் என்று முடிந்தது. கடைசி 8 விக்கெட்டுக்குக் கிடைத்தது வெறும் 22 ரன். லேக்கருக்கு 9, லாக்குக்கு 1.

ஃபாலோ ஆன். அன்று மாலையே ஹார்வி மறுபடி வந்தார். லேக்கரின் முதல் பந்து ஃபுல் டாஸ். நேராக கவுட்ரியின் கையில் அடித்தார். ஒரே நாளில் இரண்டு டக்.

அதன்பின் மழை. சனிக்கிழமையும் திங்கட்கிழமையும் கொஞ்ச நேரமே ஆட முடிந்தது. ஆட்டம் தொடங்கிய பிறகு பிட்சை முழுதாக மூடிக் காப்பாற்றும் வழக்கம் அன்று இங்கிலாந்தில் கிடையாது. ஈரம் ஊறிய பிட்சில் பந்து மந்தமாகத்தான் வரும். சுழலருக்கு ஒன்றும் பெரிதாகக் கிடைக்காது. செவ்வாய்க்கிழமை காலை முழுக்க மெக்டொனால்டும் இளைஞர் இயன் கிரெய்க்கும் அப்படித்தான் விக்கெட் விழாமல் காத்து நின்றார்கள். உணவு இடைவேளைக்குப் பின் வெயில் வந்தது. மேல்மண் இறுகத் தொடங்கினால் பந்து பிடித்துத் திரும்பும், சில பந்துகள் எகிறும். அதோடு கதை மாறியது. கிரெய்க் 38ல் எல்.பி.டபிள்யூ. ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் மல்லுக்கட்டிய மெக்டொனால்டு 89ல் ஷார்ட் லெக் பக்கம் ஓக்மன் கையில் சிக்கினார். மாலை ஐந்தரை மணியை நெருங்கும்போது மேடாக்ஸும் எல்.பி.டபிள்யூ. 205க்கு ஆல் அவுட். பத்து விக்கெட்டும் லேக்கருக்கே.

“பிட்ச் எடுத்துக் கொடுத்த விக்கெட்” என்ற குற்றச்சாட்டு உடனே கிளம்பியது. சுழலர்களை விடாமல் துரத்தும் குற்றச்சாட்டு அது. 537 டெஸ்ட் விக்கெட் எடுத்த அஸ்வினை, அதில் 383 இந்திய மண்ணில் வந்தவை என்று சொல்லி ‘உள்ளூர்ப் புலி’ ஆக்குகிறவர்கள் இன்றும் உண்டு.

ஆனால், மான்செஸ்டர் ஸ்கோர்கார்டிலேயே அதற்குப் பதில் இருக்கிறது. லேக்கர் வீசியது 68 ஓவர். 90 ரன்னுக்கு 19 விக்கெட். லாக் வீசியது 69 ஓவர். 106 ரன்னுக்கு 1 விக்கெட். அதே தூசி, அதே ஈரம், அதே வெயில், அதே மட்டையாளர்கள். பிட்ச் மட்டுமே விக்கெட் எடுக்கும் என்றால், லாக்குக்கு ஒரு ஏழெட்டாவது விழுந்திருக்க வேண்டாமா?

வலக்கை மட்டையாளர்களுக்கு ஆஃப் ஸ்பின் உள்ளே திரும்பும், லெக் பக்கம் நின்ற கேட்ச் வலையில் விழும், அதனால்தான் லேக்கருக்கு வாய்ப்பு அதிகம் என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். பாதி நியாயம். அப்படியானால் இடக்கை ஆட்டக்காரர்கள் ஹார்வியும் கென் மெக்கேயும்? இருவருமே இரண்டு இன்னிங்ஸிலும் டக். நான்கு முறையும் லேக்கர்தான். அவர்களுக்கு உள்ளே திருப்பக்கூடிய லாக் மறுமுனையில் வெறுங்கையோடு நின்றார்.

வித்தியாசம் வீசிய விதத்தில் இருந்தது. எதிர்முனையில் விக்கெட் சரிய சரிய லாக் பொறுமை இழந்தார். வேகத்தைக் கூட்டினார், பந்தைக் குறைத்துப் போட்டார். அது மட்டைக்கும் ஸ்டம்புக்கும் எட்டாமல் அளவுக்கு மீறித் திரும்பிப் போனது. லேக்கர் 68 ஓவரும் ஒரே நிதானம். பந்தைத் தூக்கிப் போட்டு, ஒரே இடத்தில் விழவைத்து, சுழற்சியின் அளவை மட்டும் மாற்றினார். அந்த 19ல் மூன்று கேட்ச்சைப் பிடித்தவர் லாக் என்பதுதான் வேடிக்கை.

ஒன்றை மறைக்கக் கூடாது. 19 விக்கெட்டும் ஸ்ட்ரெட்ஃபோர்டு முனையிலிருந்து எடுத்தவை. அந்த முனை சற்று அதிகம் உதவியிருக்கலாம். சரி, பிட்ச் உதவாத இடத்துக்கே போய்ப் பார்ப்போம்.

1958-59ல் இங்கிலாந்து ஆஸ்திரேலியாவுக்குப் போய் 4-0 என்று உதை வாங்கியது. அந்தக் கெட்டித் தரைகளில் லேக்கர் 4 டெஸ்டில் 15 விக்கெட் எடுத்தார், சராசரி 21.20. அவருடைய மொத்த டெஸ்ட் வாழ்க்கையின் சராசரி 21.24! ஓல்ட் டிராஃபோர்டு பிட்ச் அவருக்கு விக்கெட்டின் எண்ணிக்கையைக் கூட்டிக் கொடுத்தது. தரத்தை அது கொடுக்கவில்லை.

லாக்கின் கணக்கு நேர்மாறு. 1958 கோடையில், சொந்த நாட்டில், நியூசிலாந்துக்கு எதிராக 34 விக்கெட், சராசரி 7.47. அடுத்த சில மாதங்களில் ஆஸ்திரேலியத் தரையில் அவருக்குக் கிடைத்தது 5. தன் பந்துவீச்சைப் படச்சுருளில் பார்த்துவிட்டு அவர் பாணியையே மாற்றிக்கொண்டார். பிறகு பெர்த்தில் குடியேறி, சுழலுக்குப் பிடி கொடுக்காத அந்தத் தரையில் பந்தைத் தூக்கி வீசக் கற்றார். 1967-68ல் மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு ஷெஃபீல்டு ஷீல்டு வாங்கிக் கொடுத்த கேப்டன் அவர்தான்.

ஆகவே, ஒரு சுழலர் எங்கே எத்தனை எடுத்தார் என்று மட்டும் பார்த்தால் போதாது. அதே பிட்சில் மறுமுனையில் வீசியவர் எத்தனை எடுத்தார் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். லேக்கரைப் பெரிய பந்துவீச்சாளர் என்று நிரூபிக்கும் எண் 19 அல்ல; பக்கத்திலேயே நிற்கிற அந்த 1.

(அடுத்த வாரம்: 1959, கான்பூர். புதிதாகப் போட்ட பிட்சில் ஆஸ்திரேலியாவைச் சாய்த்த ஜசு படேல்)