வானலைக்கு ஒரு தராசு

1990களில் வன்னிப் பெருநிலப்பரப்புக்கு மின்கலங்கள் கொண்டுசெல்வது தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், மக்கள் சைக்கிளை நிறுத்திவைத்து மிதிகட்டையைச் சுழற்றி, டைனமோவிலிருந்து வானொலிப் பெட்டிக்கு மின்சாரம் ஊட்டிச் செய்தி கேட்டனர். சைக்கிள் டைனமோ தருவது ஏறத்தாழ 3 வாற்று வலு. அதன் அருமையைச் சுழற்றுபவரின் கை நன்கறியும். ஏரியலில் வந்து படிந்த அலையின் வலுவோ ஒரு வாற்றின் கோடியில் ஒரு பங்கினும் மிகச் சிறிது. அத்துணைச் சிறியதை அளப்பது எங்ஙனம்?

வீட்டு மின்சாரமாயின் அழுத்தத்தையும் ஓட்டத்தையும் அளந்து பெருக்கிவிடலாம். நுண்ணலையில் அது செல்லாது. அலைநீளம் சில சென்ரிமீற்றரே ஆதலால், ஒரே கம்பியில் இங்கே ஓர் அழுத்தமும் விரற்கடை தள்ளி வேறோர் அழுத்தமும் இருக்கும். 1895இல் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் வானலையைக் கொண்டு மணியடித்தும் வெடிமருந்தைக் கொளுத்தியும் காட்டினார். அலை வந்து சேர்ந்தது என்பதற்கு அது சான்று. எவ்வளவு வந்தது என்பதற்கன்று. 1940 பெப்ரவரியில் பர்மிங்ஹாமில் ராண்டலும் பூட்டும் தமது மக்னெற்றோனை முதன்முதல் இயக்கியபோதுகூட, மோட்டார்க் காரின் முகப்பு விளக்குகளை இணைத்து, அவை எரிந்துபோவதைக் கண்டே வலுவை மதிப்பிட வேண்டியிருந்தது. அவர்கள் மதிப்பு ஏறத்தாழ 400 வாற்று.

விடை வானியலிலிருந்து வந்தது. சூரிய வெப்பத்தை ஆராய்வதற்காக 1880ஆம் ஆண்டளவில் அமெரிக்கரான சாமுவேல் லாங்லி போலோமீற்றர் என்னும் கருவியை அமைத்தார். மெல்லிய உலோகத் தகடு சூடேறினால் அதன் மின்தடை மாறும். அம்மாற்றத்தை வீற்ஸ்டன் பாலம் காட்டிக்கொடுக்கும். வானொலியாளர் இதனையே கடன்வாங்கினர். தகட்டுக்குப் பதிலாகப் பிற்காலத்தில் தெர்மிஸ்டர் எனப்படும் சிறு மணி வந்தது. முதலில் தெரிந்த மின்னோட்டத்தால் மணியைச் சூடாக்கிப் பாலத்தைச் சமன்செய்வர். அலை வந்து மேலும் சூடாக்கினால், சமன் குலையாதபடி மின்னோட்டத்தைக் குறைப்பர். குறைத்த வலு எவ்வளவோ அதுவே அலையின் வலு. சந்தையிற் படிக்கல்லை வைத்து நிறுப்பார்கள். இங்கே கல்லை எடுத்து நிறுக்கிறார்கள், அவ்வளவே வேறுபாடு.

ஆனால் அந்த மணிக்கு வானலையின் சூடும் வன்னி நடுப்பகலின் சூடும் ஒன்றுதான். ஆகவே இரட்டை மணிகளை வைத்தனர். ஒன்று அலையையும் சுற்றாடலின் சூட்டையும் சேர்த்து ஏற்கும். மற்றது சுற்றாடலை மட்டும் அறியும். வேறுபாடே விடை. 1970களில் வெப்பவிணைகளும் பின்னர் இருவாயிகளும் பரவின. மிகச் சிறிய வலுவுக்கு இருவாயியே ஏற்றது. வலு மிகுந்தால் அது நேர்விகிதம் தவறிவிடும்.

பெருவலுவுக்குத் தண்ணீரே தராசு. இரண்டாம் உலகப் போரையொட்டி ஏக்கலையில் நிறுவப்பட்ட ஒலிபரப்புக் கருவி 100 கிலோவாற்று வலுவுடையது. அவ்வளவையும், விநாடிக்கு ஒரு லீற்றர் வீதம் ஓடும் நீரிற் செலுத்தினால், நீர் ஏறத்தாழ 24 பாகை சூடேறும்.

வன்னியில் இவ்வளவை பெரிதும் பயன்படும் இடம் கொக்காவில். மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையே இருந்த பழைய ஒளிபரப்புக் கோபுரம் 1990ஆம் ஆண்டுப் போரில் அழிந்தது. 174 மீற்றர் உயரமான புதிய கோபுரம் 2011 யூன் மாதத்திலேதான் திறந்துவைக்கப்பட்டது. இடையில் இருபத்தோராண்டுகள் கழிந்தன. இத்தகைய கோபுரத்தின் அடியில், மேலே போகும் வலுவையும் திரும்பிவரும் வலுவையும் வெவ்வேறாக அளப்பர். நூறு பங்கு சென்று நான்கு பங்கு மீண்டால் பொறுக்கலாம். பதினொரு பங்கு மீண்டால் பழுது தேடவேண்டும். வடகீழ்ப் பருவமழையில் இணைப்பொன்றினுள் நீர் புகுந்திருக்கலாம். மீளும் வலு மிகுந்தால் ஒலிபரப்புக் கருவியே கருகிவிடக்கூடும். பழுது பார்க்க மேலே ஏறுபவர், தாம் நெருங்கவேண்டிய ஏரியல்களுக்குச் செல்லும் வலுவை முதலில் நிறுத்துவிக்க வேண்டும். மணியைச் சூடாக்கும் அலை மனித உடலையும் சூடாக்கும்.