கலைஞர் யாருக்கு உரியவர்? கார்ஸ்டென்ஸும் பெர்லின் கலைக்கழகமும்

அஸ்முஸ் யாக்கோப் கார்ஸ்டென்ஸ் (1754–1798) ஜெர்மானியச் செவ்வியல் வரலாற்று ஓவியத்தின் முன்னோடிகளுள் ஒருவர். எனினும் அவர் விட்டுச்சென்றவற்றுள் பெரும்பாலானவை சுண்ணக்கட்டியாலும் நீர்வண்ணத்தாலும் ஆன தாள்களே. எண்ணெய் ஓவியங்கள் மிகச் சில. அவர் பெயர் நிலைபெற்றதற்கு அத்தாள்களைப் போலவே 1796இல் அவர் எழுதிய ஒரு கடிதமும் காரணமாயிற்று. அக்கடிதம் கலைஞரின் விடுதலைச் சாசனமாகவே பெரிதும் வாசிக்கப்படுகிறது. அதன் பின்னணியில் இருந்த நிர்வாகப் பூசலையும் சேர்த்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

டேனிய மன்னரின் ஆட்சிக்குட்பட்ட ஷ்லேஸ்விக் நகரையடுத்து, மாவரைக்கும் ஆலை நடத்தியவரின் மகனாகப் பிறந்த கார்ஸ்டென்ஸ், பெற்றோரை இழந்தபின் எக்கர்ன்ஃபோர்டேயில் மது வணிகர் ஒருவரிடம் தொழில் பழக அனுப்பப்பட்டார். 1776இல் கோபன்ஹேகனுக்குச் சென்றார். அங்கு உயிருள்ள மாதிரியைப் பார்த்து வரைவதைவிடப் பழங்கிரேக்கச் சிற்பங்களின் சாந்துவார்ப்புகளை நெடுநேரம் நோக்கி, பின் நினைவிலிருந்து வரைவதையே விரும்பினார். அவரது கோட்டின் வலிமைக்கும் உடற்கூற்றுப் பிழைகளுக்கும் இப்பழக்கமே மூலம் எனலாம். பரிசளிப்பில் முறைகேடு நிகழ்ந்ததாகக் கருதித் தமக்குரிய பதக்கத்தை மறுத்ததனால் கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டார். நிறுவனத்தோடு முரண்படுதல் அவருக்கு ரோமில் தோன்றிய புதுக்குணம் அன்று.

1783இல் இத்தாலிக்குப் புறப்பட்டவர் பொருளின்றி மாந்துவாவோடு திரும்பினார். 1788இல் பெர்லினை அடைந்தார். 1790இல் அங்குள்ள கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1792இல் அரசு உதவித்தொகையுடன் ரோம் சென்றார். இவ்வுதவிக்குத் துணைநின்றவர் அமைச்சர் ஃபிரெடரிக் அந்தோன் ஃபொன் ஹைனிட்ஸ். சுரங்கத்துறையை நிருவகித்த அவருக்குக் கலைக்கழகம் என்பது நாட்டின் கைத்தொழில்களுக்கு நல்ல வடிவமைப்பை வழங்கும் பயிற்சிக்கூடம். உதவித்தொகை பெற்றவர் திரும்பிவந்து கற்பிக்கவேண்டும் என்பது அவரது எதிர்பார்ப்பு. பொதுப்பணத்திற்குக் கணக்குக் கேட்கும் பொறுப்பாளர் என்ற நிலையில் அதனை முறையற்றது எனத் தள்ளிவிட இயலாது.

கார்ஸ்டென்ஸ் திரும்பவில்லை. 1795இல், பொம்பேயோ பதோனி முன்பு பணிபுரிந்த ஓவியக்கூடத்தில் தம் படைப்புகளைக் காட்சிப்படுத்தினார். அவ்வாண்டில் வரைந்த ‘இரவும் அவள் பிள்ளைகளும்’ அவரது ஆற்றலுக்குத் தக்க சான்று. ஹெசியோதின் தெய்வ மரபுவரலாற்றிலிருந்து எடுக்கப்பட்ட பொருள் அது. இரவு அன்னை, உறக்கம், மரணம் எனும் இரு குழந்தைகளையும் தன் மேலாடையால் அணைத்திருக்கிறாள். அருகில் விதியின் தேவியர். கறுப்புச் சுண்ணக்கட்டியும் வெள்ளைத் தீற்றலுமே அங்கு வண்ணம். ஆயினும் உருவங்கள் சிற்பத்தின் கனத்தோடு அமர்ந்துள்ளன. வண்ணம் சேர்த்திருந்தால் இக்கனம் குறைந்திருக்கும் என்றே தோன்றுகிறது.

ரோமில் வாழ்ந்த ஓவியர் ஃபிரெடரிக் முல்லர் இக்கண்காட்சியைக் கடுமையாக விமரிசித்தார். அவ்விமரிசனம் 1797இல் ஷில்லரின் ‘ஹோரன்’ இதழில் வெளிவந்தது.

இதற்கிடையில் ஹைனிட்ஸுக்கும் கார்ஸ்டென்ஸுக்கும் இடையிலான கடிதப் போக்குவரத்து முறிவை எட்டியது. 1796 பிப்ரவரியில் எழுதிய மறுமொழியில், தாம் பெர்லின் கலைக்கழகத்திற்கு அல்லாமல் மானுடம் முழுமைக்கும் உரியவர் என்றும், உதவித்தொகைக்கு ஈடாக வாழ்நாள் அடிமையாக ஒப்புக்கொண்டதில்லை என்றும் கார்ஸ்டென்ஸ் வாதிட்டார். ‘மானுடம்’ என்னும் இச்சொல் ஈண்டுக் கருதத்தக்கது. அவரது நெருங்கிய நண்பர் கார்ல் லுட்விக் ஃபெர்னோ அக்காலத்தில் ரோமில் கான்ட்டின் மெய்யியல் வழிநின்று அழகியல் குறித்து உரையாற்றி வந்தார். 1806இல் கார்ஸ்டென்ஸின் வாழ்க்கை வரலாற்றை எழுதி அவரது புகழை நிலைநாட்டியவரும் அவரே. எனவே நிறுவனத்தை எதிர்த்த தனிமேதை என்னும் படிமத்தில் நண்பரின் மெய்யியலுக்கும் பங்குண்டு எனக் கொள்வதே பொருத்தம்.

கார்ஸ்டென்ஸ் 1798 மே மாதம் ரோமில் காலமானார். செஸ்தியுஸ் பிரமிடுக்கு அருகிலுள்ள இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார். ஃபெர்னோவின் பொறுப்பில் இருந்த தாள்களின் பெரும்பகுதி, கேத்தேயின் முயற்சியால், 1804இல் வைமார் அரசவைக்கு வாங்கப்பட்டது.