செய்தித்தாளில் தொடங்கிய கட்டடக்கலைப் பாடம்

கட்டடக்கலை படிக்க வரும் மாணவருக்கு முதலில் எதைச் சொல்லிக் கொடுப்பது? தூணா, சுவரா, கூரையா? 19ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரின் எக்கோல் டி போசார் கலைப்பள்ளி இதற்கு ஒரு விடை வைத்திருந்தது. கிரேக்க, ரோமானியத் தூண்களை அளவு பிசகாமல் வரையப் பழக வேண்டும். பழையதைக் கற்ற பிறகே புதியதைச் செய்ய வேண்டும். பல நாடுகள் இந்த முறையைத்தான் பின்பற்றின.

இதை மாற்றிய பள்ளிகளில் முக்கியமானது பௌஹவுஸ். 1919ல் ஜெர்மனியின் வைமார் நகரில் வால்டர் குரோப்பியஸ் என்ற கட்டடக்கலைஞர் இதைத் தொடங்கினார். எல்லாக் கலைகளின் இறுதி நோக்கமும் கட்டடமே என்று பள்ளியின் அறிக்கை சொன்னது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பள்ளியில் 1927 வரை கட்டடக்கலைத் துறையே கிடையாது! 1923ல் பள்ளி கட்டிக் காட்டிய மாதிரி வீட்டை வடிவமைத்தவர்கூட கியோர்க் மூகே என்ற ஓவியர்தான்.

அப்படியானால் மாணவர்கள் எதைப் படித்தார்கள்? முதலில் எல்லோருக்கும் கட்டாயமான 6 மாத அடிப்படை வகுப்பு. இதை உருவாக்கியவர் யோஹன்னஸ் இட்டன். வகுப்பு மூச்சுப் பயிற்சியோடு தொடங்கும். பிறகு மரம், துணி, கண்ணாடி, உலோகம் என்று ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்க்க வேண்டும். சொரசொரப்பும் வழவழப்பும், கனமும் லேசும் கைக்குத் தெரிய வேண்டும் என்பது அவர் எண்ணம்.

1923ல் இட்டன் விலகினார். அந்த ஆண்டு ஜெர்மனியில் பணவீக்கம் உச்சத்தில் இருந்தது. ஹெர்பர்ட் பேயர் என்ற பௌஹவுஸ் மாணவர்தான் துரிங்கியா மாநிலத்துக்காக லட்சக்கணக்கான மார்க் மதிப்புள்ள அவசர நோட்டுகளை வடிவமைத்தார். பணத்தின் மதிப்பு காற்றில் பறந்த அந்த நேரத்தில் அடிப்படை வகுப்பு லாஸ்லோ மொஹோலி நாகி, யோசெப் ஆல்பர்ஸ் ஆகிய இருவர் கைக்கு வந்தது. பொருளையும் உழைப்பையும் வீணாக்காமல் அதிகப் பயன் பெறுவதே வடிவமைப்பு என்றார் ஆல்பர்ஸ்.

அவருடைய வகுப்பு ஒன்றைப் பற்றி மாணவர் ஒருவர் பின்னாளில் எழுதியிருக்கிறார். ஆல்பர்ஸ் ஒரு கட்டுச் செய்தித்தாள்களைக் கொடுத்து, இதை வைத்து ஏதாவது செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சில மணி நேரம் கழித்து வந்தபோது கோட்டைகள், படகுகள், மிருகங்கள் எல்லாம் தயாராக இருந்தன. அவை எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. இவற்றை வேறு பொருளில் இன்னும் நன்றாகச் செய்யலாமே என்றார். ஒருவர் மட்டும் தாளை நீளவாக்கில் மடித்து நிற்க வைத்திருந்தார். ஆல்பர்ஸ் பாராட்டியது அதைத்தான். துவண்டு விழும் தாள், ஒரு மடிப்பு விழுந்ததும் நிமிர்ந்து நின்றுவிட்டது.

இது விளையாட்டல்ல. மெல்லிய தகரம் நெளி நெளியாக இருப்பதால்தான் கூரையாகத் தாங்குகிறது. எடையைக் கூட்டாமல் உறுதியைக் கூட்டும் இந்த ரகசியத்தை அந்த மாணவர்கள் புத்தகத்தில் படிக்கவில்லை. தங்கள் விரல்களால் கண்டுபிடித்தார்கள்.

இந்தப் பள்ளிக்கு ஒரு கறையும் உண்டு. ஆண், பெண் என்ற பேதம் இல்லை என்று அறிவித்துத் தொடங்கினார்கள். ஆனால் அடிப்படை வகுப்பு முடிந்ததும் பெரும்பாலான பெண்கள் நெசவுக் கூடத்துக்கே அனுப்பப்பட்டார்கள். ஒரே தாளை மடித்துப் பழகியவர்களுக்கு ஒரே வாய்ப்பு கிடைக்கவில்லை.

1925ல் பள்ளி டெஸ்ஸாவ் நகருக்கு மாறியது. 1932ல் அங்கும் மூடப்பட்டு பெர்லினுக்குப் போனது. நாஜிகளின் நெருக்கடியால் 1933ல் அடியோடு மூடப்பட்டது. ஆனால் பாடம் நிற்கவில்லை. அதே ஆண்டு ஆல்பர்ஸ் அமெரிக்காவின் பிளாக் மவுண்டன் கல்லூரிக்குப் போனார். 1937ல் மொஹோலி நாகி சிகாகோவில் புதிய பௌஹவுஸைத் தொடங்கினார். குரோப்பியஸ் ஹார்வர்டுக்குப் போனார்.

இன்று இந்தியக் கட்டடக்கலைக் கல்லூரிகள் பலவற்றில் முதலாண்டுப் பாடமாக 'பேஸிக் டிசைன்' இருக்கிறது. வீடு வரையும் ஆசையோடு வந்த மாணவர்கள், காகிதத்தை மடித்துக்கொண்டும் அட்டையை வெட்டிக்கொண்டும் இருப்பதைப் பார்த்தால் பெற்றோருக்குக் குழப்பம் வரலாம். ஆனால் ஒரு தாளை நிற்க வைக்கத் தெரிந்த பிறகுதான் ஒரு சுவர் ஏன் நிற்கிறது என்பது புரியும்.