துளைக்குள் மரை: டேப் என்னும் கருவியின் வரலாறு

போல்ட்டில் மரை வெட்டுகிறவர் கருவியின் வாயைப் பார்த்தபடியே வேலை செய்யலாம். துளைக்குள் மரை வெட்டும்போது டேப் என்னும் கருவி உலோகத்துக்குள் மறைந்துவிடுகிறது. சீவல் எங்கே சேர்கிறது, பல் எங்கே இறுகுகிறது என்பதைக் கைக்குத் தெரியும் முறுக்கை வைத்தே ஊகிக்க வேண்டும். அதனால் திருகின் வரலாற்றில் உள்மரை எப்போதும் வெளிமரைக்குப் பின்னால்தான் வந்திருக்கிறது. மரக்கட்டையில் உள்மரை வெட்டும் கருவி ஒன்றைக் கி.பி. முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஹீரோன் விவரித்திருக்கிறார். உலோகத் திருகுகள் ஐரோப்பாவில் ஓரளவு பரவியது 15ஆம் நூற்றாண்டில்தான். கவசம், கடிகாரம், துப்பாக்கி ஆகிய மூன்றும் அவற்றைக் கேட்டன.

உள்மரை எவ்வளவு பெரிய தடையாக இருக்க முடியும் என்பதற்கு ஜப்பான் நல்ல சான்று. 1543இல் தனேகாஷிமா தீவுக்கு வந்த போர்ச்சுக்கீசியரிடமிருந்து தீவின் தலைவர் டோக்கிடாக்கா துப்பாக்கிகளை வாங்கி, உள்ளூர்க் கொல்லர்களிடம் அதேபோல் செய்யச் சொன்னார். வாள் அடிப்பதில் தேர்ந்த அவர்களுக்குக் குழலைச் செய்வது எட்டியது. குழலின் பின்முனையை அடைப்பது எட்டவில்லை. அங்கே வெறும் அடைப்பு போதாது. வெடிமருந்துக் கரியைத் துடைக்கக் கழற்ற வேண்டும், வெடிக்கும்போது பறந்துவிடவும் கூடாது. அதற்குத் திருகடைப்பு வேண்டும். திருகடைப்புக்குக் குழலுக்குள் மரை வேண்டும். அடுத்த ஆண்டு வந்த கப்பலில் இருந்த கொல்லர் ஒருவரிடம்தான் அந்த வித்தையைக் கற்றார்கள் என்று 1606இல் எழுதப்பட்ட ‘தெப்போகி’ என்னும் நூல் சொல்கிறது. உள்ளூர்க் கொல்லர் ஒருவர் தம் மகளையே வெளிநாட்டவருக்கு மணமுடித்து வித்தையைப் பெற்றார் என்ற கதையும் அந்தத் தீவில் வழங்குகிறது. கதை உண்மையோ இல்லையோ, அந்தச் சிறு மரையின் மதிப்பை ஊர் எப்படி நினைவில் வைத்திருந்தது என்பதை அது காட்டுகிறது.

பழைய டேப்புகள் இன்றைய டேப்பைப் போல வெட்டியவை அல்ல. எஃகுத் திருகு ஒன்றைச் செய்து, அதன் பக்கங்களை அரத்தால் மூன்று நான்கு பட்டைகளாக ராவி, சூடேற்றித் தோய்த்துக் கடினமாக்குவார்கள். பட்டைகளின் மூலைகள் மழுங்கலானவை. அவை உலோகத்தைச் சுரண்டின, பாதி நசுக்கியே மரை எழுப்பின. சீவல் போக இடமில்லை. முறுக்கு கூடிக்கொண்டே போகும். இதைவிடப் பெரிய சங்கடம், ஒவ்வொரு பட்டறைக்கும் ஒவ்வொரு மரை. ஒரு போல்ட்டுக்கு அதனுடன் சேர்த்துச் செய்த நட்டு மட்டுமே பொருந்தும் என்பதால் இரண்டிலும் ஒரே அடையாளம் குத்தி வைத்தார்கள். கழற்றும்போது கலந்துவிட்டால் பெரும்பாடு. பொறியாளர் ஜேம்ஸ் நாஸ்மித் தம் வாழ்க்கை வரலாற்றில் இந்தக் குழப்பத்தைப் பதிவு செய்திருக்கிறார்.

அதற்கு விடிவு லண்டன் பட்டறைகளில் தொடங்கியது. 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஹென்றி மாட்ஸ்லே செம்மையாக்கிய மரை வெட்டும் லேத், ஒரே அளவு மரையைத் திரும்பத் திரும்பக் கொடுத்தது. டேப் என்பதே ஒரு திருகு. திருகு சீரானால்தான் டேப் சீராகும். மாட்ஸ்லேயிடம் வேலை பார்த்தவரும் பாபேஜின் கணக்கிடும் இயந்திரத்துக்குப் பாகங்கள் செய்தவருமான ஜோசப் கிளெமென்ட், 1828 முதல் நீளவாக்கில் காடி வெட்டிய டேப்புகளைச் செய்யலானார். காடியின் விளிம்பு வெட்டுவாயானது; அதன் பள்ளம் சீவல் தங்கும் இடமானது. இன்றைய டேப்பின் உருவம் அங்கே பிறந்தது. அதன் பலவீனமும் அங்கேயே பிறந்தது. காடி வெட்டிய பிறகு நடுவில் மிஞ்சுவது மெல்லிய தண்டுதான். வெட்டும் முறுக்கு முழுவதையும் அது தாங்க வேண்டும். மாட்ஸ்லேயிடமும் கிளெமென்டிடமும் இருந்து வந்த ஜோசப் விட்வொர்த், பல பட்டறைகளின் போல்ட்டுகளைச் சேகரித்து ஒப்பிட்டு, 1841இல் 55 பாகைக் கோண மரையைப் பொது அளவாக முன்வைத்தார். அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864இல் 60 பாகையைப் பரிந்துரைத்தார். 1898இல் சூரிச் மாநாடு மெட்ரிக் மரைக்கு அந்த 60 பாகையையே எடுத்துக்கொண்டது.

டேப் ஏன் முறிகிறது என்பதும் மெல்ல விளங்கியது. பெரும்பாலும் குற்றம் டேப்பில் இல்லை, அதற்கு முன் போட்ட துளையில் இருக்கிறது. மரையின் வெளிவிட்டத்திலிருந்து மரை இடைவெளியைக் கழித்தால் துளையின் அளவு கிடைக்கும்: 10 மி.மீ. மரைக்கு இடைவெளி 1.5 என்றால் துளை 8.5 மி.மீ. இப்படிப் போட்டால் மரை முழு ஆழம் வராது, முக்கால் அளவே வரும். அது போதும். முழு ஆழத்துக்கு ஆசைப்பட்டுத் துளையைச் சிறிதாக்கினால் பிடிமானம் சிறிதே கூடும், முறுக்கோ பல மடங்காகும். கைவேலைக்கு மூன்று டேப் கொண்ட செட் வந்ததும் இந்தச் சுமையைப் பங்கிடத்தான். சற்று முன்னே திருப்பி, கால் சுற்றுப் பின்னே திருப்பிச் சீவலை ஒடிக்கும் பழக்கம் இன்றும் ஃபிட்டர்களுக்கு முதற்பாடம். அடி மூடிய துளையில் இதை மறந்தால் சீவல் கீழே அடைத்துக்கொள்ளும்.

முறிந்த டேப்பை எடுப்பது, கார்பன் எஃகுக் காலத்தில் ஓரளவு எளிது. பாகத்தைச் செந்தழலாகச் சுட்டு மெல்ல ஆறவிட்டால் உள்ளே இருக்கும் துண்டு மிருதுவாகும். பிறகு டிரில் போட்டு எடுக்கலாம். பித்தளையில் சிக்கியதற்குக் கடிகாரம் பழுதுபார்ப்போர் வேறு வழி கண்டார்கள்: சூடான படிக்காரக் கரைசலில் ஊறவைத்தால் எஃகு கரையும், பித்தளை கரையாது. காடிகளுக்குள் எஃகு விரல்களைச் செலுத்தித் துண்டைப் பின்னோக்கித் திருப்பும் கருவியும் வந்தது.

1900இல் பாரிஸ் கண்காட்சியில் டெய்லரும் ஒயிட்டும் காட்டிய ஹைஸ்பீடு ஸ்டீல் இந்தக் கணக்கை மாற்றியது. சுமார் 600 டிகிரி செல்சியஸ் வரை கடினம் குறையாத எஃகு அது. டேப் வேகமாக வெட்டியது, நீண்ட நாள் உழைத்தது; ஆனால் முறிந்தால் பட்டறை உலையில் அதை மிருதுவாக்க வழியில்லை. டிரில் பிட் அதன்மேல் வழுக்கியது. டேப் சிறக்கச் சிறக்க, முறிந்த துண்டை எடுப்பது கடினமாயிற்று.

தீர்வு இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மின் தீப்பொறியிலிருந்து வந்தது. ஹைட்ராலிக் வால்வுகளுக்கான அலுமினிய வார்ப்புகளில் முறிந்து சிக்கிய டேப்புகளையும் டிரில்களையும் எடுக்கும் பொறுப்பு அமெரிக்காவில் ஸ்டார்க், ஹார்டிங், பீவர் என்ற மூன்று பொறியாளர்களிடம் வந்தது. பாழான வார்ப்பைத் தூக்கி எறிய முடியாத காலம் அது. உலோகத்தில் எழுத்துப் பொறிக்கும் மின்கருவியின் திறனைக் கூட்டி, மின்முனையை அதிரச் செய்து, உருகிய துகளைத் தண்ணீரால் அடித்துச் செல்லும்படி அமைத்தார்கள். பொறி டேப்பின் நடுத்தண்டை அரித்துவிட்டால், மிஞ்சிய பற்கள் தனித்தனியே உதிரும்; சுற்றியுள்ள மரை சேதப்படாது. பொறிக்கு உலோகத்தின் கடினம் ஒரு பொருட்டே அல்ல. அதே காலத்தில் சோவியத் நாட்டில், மின்தொடர்புமுனைகள் ஏன் தேய்கின்றன என்று ஆராய்ந்த லாசரென்கோ தம்பதியர், 1943இல் அந்த அரிப்பையே உலோகத்தை வடிக்கும் முறையாக்கினார்கள். மின் தீப்பொறியால் உலோகத்தை அரித்து அச்சுகளும் டைகளும் செய்யும் இன்றைய ஈ.டி.எம். இயந்திரங்கள் இந்த இரு வழிகளிலிருந்து வந்தவை.

பிற்காலத்தில் மரை போடும் முறைகளும் மாறின. சீவல் எடுக்காமல் உலோகத்தை அழுத்தி மரை எழுப்பும் காடியற்ற டேப்புகள் அலுமினியத்துக்கும் மென்எஃகுக்கும் வந்தன. பழைய கொல்லர்கள் வேறு வழியின்றிச் செய்ததை இவை கணக்கிட்டுச் செய்கின்றன. சி.என்.சி. இயந்திரங்கள் சுழற்சியையும் இறக்கத்தையும் ஒன்றாக இணைத்து டேப்பின் மேல் விழும் தவறான இழுப்பைக் குறைத்தன. விலையுயர்ந்த பாகங்களில் டேப்பையே தவிர்த்து, துளையைவிடச் சிறிய கட்டரைத் துளைக்குள் வட்டமாகச் சுற்றவிட்டு மரை வெட்டுகிறார்கள். அந்தக் கட்டர் முறிந்தாலும் துண்டு துளையில் இறுகுவதில்லை.