கரி பஸ்ஸும் டர்போ காரும்

கொற்கைக்குப் போவதென்றால் எனக்கு எப்போதுமே ஒரு குஷி. பாண்டியர்களின் முத்துத் துறைமுகமாயிற்றே! ஆனால், இன்றைக்குப் போய்ப் பார்த்தால் வயலும் வாழையும்தான். தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய மண், கடலைப் பல கிலோமீட்டர் கிழக்கே தள்ளிவிட்டது. பொடி மண் ஒரு துறைமுகத்தையே தூர்த்துவிட்டது!

சமீபத்தில் அங்கே போகும் வழியில், ஏரலைத் தாண்டியதும் நண்பரின் கார் மக்கர் பண்ணியது. டர்போ வைத்த பெட்ரோல் கார். மெதுவாகப் போனால் ஒன்றும் இல்லை. முன்னால் போகும் லாரியை முந்தலாம் என்று ஆக்ஸிலேட்டரை மிதித்தால் போதும்... விக்கல் எடுத்த மாதிரி உதறல். மஞ்சள் இன்ஜின் விளக்கு வேறு கண் சிமிட்டியது. ''நாலு காயிலையும் மாத்தணும்னு ஒரு இடத்துல பெரிய எஸ்டிமேட் கொடுத்திருக்காங்க'' என்று நண்பர் புலம்பினார்.

ஏரலுக்கே திரும்பி, ஒரு சின்ன ஒர்க் ஷாப்பில் வண்டியை விட்டோம். மெக்கானிக்குக்கு அறுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும்.

''மிஸ்ஸிங் அடிக்கி, அண்ணாச்சி. மெள்ளப் போகையில அடிக்கல்லைல்லா? டர்போ காத்தை அமுக்கும்போதுதான அடிக்கி? அப்ப மொதல்ல கரண்டைப் பாப்போம்'' என்றார்.

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. பேட்டரியின் 12 வோல்ட்டை இக்னிஷன் காயில் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்துகிறது. அதுதான் ஸ்பார்க் பிளக் முனையில் பொறியாகத் தாவுகிறது. டர்போ காற்றை அமுக்கித் திணிக்கத் திணிக்க, சிலிண்டருக்குள் நெரிசல் கூடும். நெரிசல் கூடினால் பொறி தாவ அதிக வோல்டேஜ் வேண்டும். இந்தக் கணக்கை 1889-லேயே ஜெர்மனியின் ஃப்ரெட்ரிக் பாஷென் சொல்லிவிட்டார். பிளக்கின் இடைவெளி தேய்ந்து அகன்றிருந்தாலோ, காயிலின் ரப்பர் உறையில் மயிரிழை விரிசல் இருந்தாலோ, மின்சாரம் பிளக் முனையில் தாவாது. சுலபமான வேறு வழியைப் பார்த்துக்கொண்டு போய்விடும். பொறி இல்லை, பெட்ரோல் எரியாமலேயே வெளியேறும். அது சைலன்ஸர் பக்கம் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் பாழாக்கும். கண் சிமிட்டும் விளக்கை அலட்சியம் செய்யக் கூடாது என்பது இதனால்தான்.

ஸ்கேனர் மூன்றாவது சிலிண்டரைக் காட்டியது. பெரியவர் புதுசு எதையும் வாங்கவில்லை. மூன்றாவது காயிலைக் கழற்றி முதலாவதில் மாட்டினார், முதலாவதை மூன்றாவதில். தெருக்கோடி வரை ஓட்டிப் பார்த்தார். இப்போது ஸ்கேனர் முதல் சிலிண்டரைக் காட்டியது. காயிலோடு கோளாறும் இடம் மாறிவிட்டது. குற்றவாளி அகப்பட்டாச்சு! மாறியிருக்காவிட்டால் அடுத்து பிளக், அதற்கடுத்து இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று போயிருப்பாராம்.

''ஒரு நேரத்துல ஒண்ணுதான் மாத்தணும். எல்லாத்தையும் மாத்துனா வண்டி ஓடும், நோவு எதுன்னு தெரியாது. எங்கப்பா சொல்லித் தந்தது. அவரு கரி பஸ்ல கிளீனரா இருந்தவரு, பாத்துக்கிடுங்க...''

கரி பஸ்! இந்தத் தலைமுறைக்குத் தெரியாத சரித்திரம்.

இரண்டாம் உலகப் போர் சமயம். 1941-ல் இந்தியாவில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. 1942-ல் பர்மா ஜப்பானிடம் விழ, அங்கிருந்து வந்த எண்ணெயும் போச்சு. பஸ்கள் எப்படி ஓடும்? கரியைத் தின்று ஓடின! வண்டியில் ஒரு பெரிய இரும்பு உருளை. அதில் அடுப்புக்கரியைக் கொட்டிப் பற்றவைத்து, கையால் ஊதுசக்கரம் சுற்றினால் வாயு பிறக்கும். அதை ஆறவைத்து, வடிகட்டி இன்ஜினுக்கு அனுப்புவார்கள். நெல்லைச் சீமையின் திருக்குறுங்குடியில் 1877-ல் பிறந்து, 1911-ல் டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய டி.வி.சுந்தரம் ஐயங்கார், இந்த நெருக்கடியில் 'டி.வி.எஸ். காஸ் பிளான்ட்' என்று சொந்தமாகவே ஒன்றைத் தயாரித்தார்.

ஆனால், கரி வாயுவில் பெட்ரோலின் வீரியம் கிடையாது. பாதிக்குப் பாதி நைட்ரஜன்! இன்ஜினின் சக்தி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துபோகும். மேடு வந்தால் பயணிகள் இறங்கித் தள்ள வேண்டியதுதான். இந்த வாயு மெதுவாக எரியும் என்பதால், பொறியைக் கொஞ்சம் முன்கூட்டியே கொடுக்க வேண்டும். அதற்காக டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி வைப்பார்கள். வடிகட்டியைத் தாண்டி வந்த தூசியும் தாரும் பிளக்கில் அப்பிக்கொள்ளும். உடனே மிஸ்ஸிங்! கிளீனர் பையன் ஒவ்வொரு பிளக் வயராகக் கழற்றிப் பார்ப்பான். எதைக் கழற்றினால் இன்ஜின் சத்தம் மாறவில்லையோ, அந்த சிலிண்டர்தான் தூங்குகிறது. ஸ்கேனர் வருவதற்கு முந்தைய ஸ்கேனர் அவன் காதுதான்.

கொற்கையைத் தூர்த்தது மண். பிளக்கைத் தூர்ப்பது கரி. கரி பஸ்ஸில் பொறிக்கு நேரம் பிரச்னை, டர்போ காரில் பலம் பிரச்னை. ஆனால், தேடும் முறை ஒன்றேதான்!

போர் முடிந்து பெட்ரோல் வந்ததும் கரி பஸ்கள் மறைந்தன. 1961-ல் இக்னிஷன் சாமான்கள் உள்பட வாகன மின்கருவிகளைச் செய்ய 'லூகாஸ் டி.வி.எஸ்.' உருவானது. 1972-ல் மதுரையின் டி.வி.எஸ். பஸ்கள் அரசுடமையாகி, பாண்டியன் போக்குவரத்துக் கழகம் ஆயின. கொற்கைப் பாண்டியன் பஸ்ஸில் ஏறி மறுபடி ஊர்வலம் வந்தான்!

''உங்கப்பா எப்படிய்யா இருந்தாரு?'' என்று கேட்டேன்.

''ஊதுசக்கரம் சுத்தயில ரெண்டு தடவை மயங்கி விழுந்தாராம். தலைவலின்னு நெனச்சிருக்காவ. கடைசிவரைக்கும் ஒரு இருமலு இருந்துச்சு'' என்றார் பெரியவர்.

அது வெறும் தலைவலியாக இருக்க வாய்ப்பில்லை. கரி வாயுவில் இன்ஜினை ஓட்டுவதே கார்பன் மோனாக்ஸைடுதான். நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மூச்சில் அதிகம் போனால் ஆளையே கொல்லும். உருளைக்குப் பக்கத்தில் நின்று அதைச் சுவாசித்தவர்கள் பதினான்கு, பதினைந்து வயதுக் கிளீனர் பையன்கள். முதலாளிகளின் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். இந்தப் பையன்கள் எந்த ரிஜிஸ்டரில் இருக்கிறார்கள்?

ஒரு காயில், நாலு பிளக். எஸ்டிமேட்டில் பாதிகூட ஆகவில்லை. பிளக் ஒவ்வொன்றின் இடைவெளியையும் கேஜ் வைத்து அளந்துதான் மாட்டினார். கிளம்பும்போது கூலியோடு கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தேன். பெரியவர் எண்ணிப் பார்த்துவிட்டு, மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

''வேண்டாம் அண்ணாச்சி. வேணும்னா இந்தக் கதையை எழுதுங்க.''

எழுதிவிட்டேன்!