கூட்டிணைப்புச் சமூக வலையமைப்புகள்

கூட்டிணைப்புச் சமூக வலையமைப்பு என்பது, ஒரே நிறுவனத்தின் உடைமையாய் அமையாது, தனித்தனியே பலரால் நடத்தப்பெறும் வழங்கிகள் பொதுவான ஒரு நெறிமுறையை ஏற்றுத் தம்முள் செய்தி பரிமாறும் அமைப்பாகும். உருத்திரபுரத்து வாசகருக்கு இதனை வன்னியின் குளத்தொடர்களைக் கொண்டு விளக்குதல் பொருத்தமாகும். ஊருக்கொரு குளம், அதன் கட்டையும் துருசையும் பேணுவது அவ்வூரவர் கடமை, ஆயினும் மேற்குளம் நிரம்பி வான் பாயும் நீர் கீழ்க்குளத்தைச் சேர்கின்றது. முகநூல் போன்ற தளங்களிலோ, நீர் முழுவதும் ஒரே குளத்தில் தேங்க, துருசின் திறப்பு ஒருவர் கையில் மாத்திரம் இருக்கின்றது.

இவ்வகை முயற்சிகளுள் முற்பட்ட ஒன்று, கனடாவில் ஈவன் புரோட்ரோமூ 2008இல் தொடங்கிய ஐடென்டிகா ஆகும். ஜெர்மனியில் யூஜென் ரோச்கோ 2016இல் வெளியிட்ட மாஸ்டடன் என்னும் மென்பொருளே இக்கருத்தைப் பொதுமக்களிடையே பரப்பியது. 2018 ஜனவரியில் உலகளாவிய வலைச் சேர்த்தியம் ஆக்டிவிட்டிபப் என்னும் நெறிமுறையை அங்கீகரித்தமையால், காணொளிக்குரிய பியர்டியூப், படங்களுக்குரிய பிக்ஸல்ஃபெட், விவாதக் குழுக்களுக்குரிய லெம்மி ஆகியன யாவும் மாஸ்டடனோடு உறவாடும் வழி பிறந்தது.

அவ்வுறவு நிகழும் விதம் வருமாறு. பயனர் ஒவ்வொருவரின் முகவரியும் அவர் பெயரையும் அவர் சார்ந்த வழங்கியின் பெயரையும் கொண்டது. ஒவ்வொருவருக்கும் வரவுப் பெட்டியும் செலவுப் பெட்டியும் உண்டு. உருத்திரபுரத்திலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒருவர் அங்குள்ள ஒரு வழங்கியில் கோவில் திருவிழாப் படத்தை இடுகின்றார் எனக் கொள்வோமாயின், பிரான்சிலுள்ள வேறொரு வழங்கியிலிருந்து அவரைப் பின்தொடரும் மருமகளின் வரவுப் பெட்டிக்கு, அனுப்பியவர் இன்னாரே என உறுதிசெய்யும் மின்கையொப்பத்துடன் அப்படம் சென்று சேரும். மருமகள் எழுதும் மறுமொழியும் அவ்வாறே மீளும். இங்கே ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். ஒரு வழங்கியிலுள்ள எவரும் பின்தொடராத ஒருவரின் பதிவுகள் பொதுவாக அவ்வழங்கிக்கு வருவதில்லை. ஆதலால், சிறிய வழங்கியிற் புதிதாய்ச் சேர்பவர், தமிழில் எழுதுவோர் பலர் வேறிடங்களில் இருப்பினும், ஆளில்லாத வீட்டிற் புகுந்தவராகவே தம்மை உணர்வார். பலர் முதல் வாரத்திலேயே திரும்பிவிடுவதற்கு இதுவே முதற் காரணம் என்பது எம் கருத்து.

வளர்ச்சியும் சீராக நிகழ்வதன்று. பெருந்தளங்களின் தீர்மானங்களால் மனம் நொந்தோர் அலையலையாய் வந்து சேர்வதே அதன் இயல்பு. இந்தியாவில், உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் டுவிட்டர் கணக்கு முடக்கப்பட்டதைக் கண்டித்துப் பலர் 2019 நவம்பரில் மாஸ்டடனுக்குப் பெயர்ந்தனர். 2022 அக்டோபரில் ஈலோன் மஸ்க் டுவிட்டரை வாங்கியபோது, ஏறத்தாழ 3 இலட்சமாயிருந்த மாஸ்டடனின் மாதாந்தப் பயனர் தொகை நவம்பருக்குள் 25 இலட்சமாயிற்று. அடுத்த சில மாதங்களில் அவர்களுட் கணிசமானோர் நீங்கினர். மெட்டா நிறுவனத்தின் திரெட்ஸ் 2023இல் தோன்றிப் பின்னர் ஆக்டிவிட்டிபப்பை ஏற்கத் தொடங்கியபோது, வழங்கிப் பொறுப்பாளர் சிலர் வரவேற்றனர். வேறு பலர் தம் வாயிலை அடைத்தனர். அவ்வாறு அடைக்கும் உரிமை இவ்வமைப்பின் உயிர்நாடியாகும். வெறுப்புப் பேச்சுக்குப் பெயர்போன காப் என்னும் தளம் 2019இல் மாஸ்டடன் மென்பொருளுக்கு மாறியபோது, பெரும்பாலான வழங்கிகள் தாமாகவே அதனோடு உறவு துண்டித்தன.

இலங்கையருக்கு இவ்விடயம் வெறும் தொழில்நுட்ப விநோதமன்று. 2018 மார்ச்சில் கண்டி மாவட்ட வன்முறையின்போதும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின்னரும், 2022 ஏப்ரலில் பொருளாதார நெருக்கடிப் போராட்டங்களின்போதும் அரசு முகநூல், வட்ஸ்அப் முதலியவற்றைத் தடைசெய்தது. ஒரு சில தளங்களை அடைத்தவுடன் நாடெங்கும் அவற்றினூடான உரையாடல் தடைப்பட்டது. வன்னியிலிருந்து புலம்பெயர்ந்தோர் ஊரிலுள்ள உறவினரை நலம் விசாரிக்கும் வழியும் அவற்றுடன் அடைபட்டது. பல்லாயிரம் வழங்கிகளாய்ப் பிரிந்து நிற்கும் ஓர் அமைப்பை அவ்வளவு எளிதில் அடைத்தல் இயலாது. இணைய இணைப்பையே துண்டிப்பின் அதுவும் பயன்படாது என்பது வேறு.

எனினும், வழங்கியை நடத்துவோர் பெரும்பாலும் தன்னார்வலர். செலவு நன்கொடையால் நடப்பது. களைத்த பொறுப்பாளர் மூடிவிட்ட வழங்கிகளும் உள. மாஸ்டடனில் ஒருவர் வேறு வழங்கிக்கு மாறுங்கால் அவரைப் பின்தொடர்வோரை உடன்கொண்டு செல்லலாம். பழைய பதிவுகள் உடன் வாரா. தமிழருக்கெனத் தனி வழங்கி அமைக்க விழைவோர், மாஸ்டடனின் இடைமுகம் ஓரளவு தமிழிற் கிடைப்பதால் மொழித்தடையைப் பெரிதும் அஞ்ச வேண்டுவதில்லை. முறைப்பாடுகளைத் தமிழிலேயே வாசித்து, வசவையும் வாதத்தையும் வேறுபிரித்தறிந்து, நாள்தோறும் தீர்ப்பளிக்கும் மட்டுறுத்துநர் சிலரையும், மாதாந்த வழங்கிக் கட்டணத்துக்குரிய பணத்தையும் அவர்கள் முதலில் தேடிக்கொள்ளல் வேண்டும்.